பூத தயையும் இல்லக் காவலும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உயிர்களிடத்தில் தயை வேண்டும் என்பதை மறுக்கும் வைணவர் எவருமிலர். ஸ்ரீ பகவத்கீதையின் பதினாறாம் அத்தியாயத்தில் தெய்வ ஸம்பத்துக்களை எண்ணிச் சொல்லும்போது அஹிம்ஸையும், பூதங்களிடத்தில் தயையும் தனித்தனியே எடுத்துரைக்கப்பட்டிருத்தல் யாவரும் அறிந்ததே. ஆயினும் நெல்மூட்டையை எலி கடித்துச் சிதறடிக்கும்போதும், குழந்தை உறங்கும் அறையில் பாம்பு புகும்போதும், கொசுக்கடியால் வீட்டில் ஒருவர் காய்ச்சலில் வீழும்போதும் அந்தத் தயை எங்கே நிற்பது? கொல்வது பாவம் என்று வாளாவிருந்தால் இல்லத்தார் துன்புறுவர். இல்லத்தாரைக் காப்பது கடமை என்று கண்டதையெல்லாம் கொன்றால் தயை வெறும் பேச்சாகிவிடும். புலாலைத் தொடாத ஒரு குடும்பம் அடுக்களை மூலையில் எலிப்பாஷாணம் வைப்பது பொருந்துமா என்னும் கேள்வி எளிதாகத் தள்ளத்தக்கதன்று. இக்கேள்விக்கு நம் முன்னோர் வகுத்த நெறியில் விடை உண்டு.

எல்லா உயிரும் அவன் திருமேனி

ஸ்ரீராமாநுஜ ஸித்தாந்தத்தின் உயிர்நாடி சரீர சரீரி பாவம். சேதனமும் அசேதனமுமான யாவும் எம்பெருமானுக்குச் சரீரம். அவன் அனைத்திற்கும் ஆத்மா. பிருகதாரண்யக உபநிடதத்தின் அந்தர்யாமி பிராம்மணம் இதற்கு ஆதாரம். இத்தத்துவத்தைக் கோயிலில் கைகூப்பும்போது மட்டும் நினைத்துவிட்டு, வீட்டில் எறும்புச்சாரியைக் கண்டவுடன் மறப்பது அறிவுடைமை ஆகாது. யானையின் கூக்குரலுக்கு ஓடிவந்தவனும், கழுகரசனாகிய ஜடாயுவுக்கு மகன் செய்யும் கடனைச் செய்து வீடளித்தவனும் அவனேயன்றோ?

ஆசாரியர்கள் இதனை வாழ்ந்து காட்டினர். பாம்பின் வாயிலகப்பட்ட தவளையின் கதறலைக் கேட்டுக் கூரத்தாழ்வான் மனம் தாங்காது மயங்கி வீழ்ந்தார் என்று பெரியோர் கூறுவர். பிறர் நோவு கண்டவிடத்து ஒருவன் உள்ளம் இரங்குகிறதா, அல்லது இது வேண்டியதுதான் என்று மகிழ்கிறதா என்பதைக் கொண்டே அவனிடம் வைணவத்தன்மை உண்டா இல்லையா என்று அவனே அறிந்துகொள்ளலாம் என்பது நஞ்சீயர் காட்டிய அளவுகோல். பொறியில் அகப்பட்ட எலியைக் கண்டு சிரிப்பவன் இவ்வளவுகோலில் எங்கே நிற்பான் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இனி, எலியும் அவன் திருமேனியானால், தொட்டிலில் கிடக்கும் குழந்தையும் அவன் திருமேனியே. மடைப்பள்ளியில் திருவமுதுக்கென்று வைத்த அரிசியும் அவன் உடைமையே. வீட்டையும் விளைச்சலையும் தனதென்று கொள்ளாமல் அவன் உடைமையென்று கொள்பவனுக்கு அவற்றைக் காக்கும் பொறுப்பு கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை. எலிப்புழுக்கை விழுந்த அரிசியைத் தளிகைக்கு எடுப்பது அபசாரம். கதவிடுக்கை அடைக்கச் சோம்பி, எலி தின்றுவிட்டுப் போகட்டும் என்று விடுவது தயையன்று, அசிரத்தை. அஹிம்ஸை என்னும் பெயர் அதற்குப் பொருந்தாது.

ஐந்து கொலைக்களங்கள்

இல்லறத்தான் ஓர் உயிரையும் வருத்தாமல் வாழ்ந்துவிட முடியும் என்று சாஸ்திரம் ஒருபோதும் சொல்லவில்லை. அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல் உலக்கை, நீர்க்குடம் என்னும் ஐந்தும் இல்லத்தில் உள்ள ஐந்து கொலைக்களங்கள் என்று மநு ஸ்மிருதியின் மூன்றாம் அத்தியாயம் கூறுகிறது. விறகோடு புழு வேகும். பெருக்கும்போது எறும்பு நசுங்கும். இவை அறியாமல் நேர்வன, தவிர்க்கவும் இயலாதன. இத்தோஷம் நீங்கவே தினமும் ஐந்து மஹாயஜ்ஞங்கள் விதிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று பூதயஜ்ஞம். காக்கைக்கும், நாய்க்கும், புழுபூச்சிகளுக்கும் பலியன்னம் இடுவது அதன்பாற்படும். வாசலில் அரிசிமாவால் கோலமிட்டு எறும்புக்கு உணவளிக்கும் தாய்மார்களின் வழக்கமும் இக்கருத்தை ஒட்டியதே.

இதில் இரண்டு உண்மைகள் அடங்கியுள்ளன. முதலாவது, தன்னால் உயிர்கள் துன்புறுகின்றன என்பதை இல்லறத்தான் நாள்தோறும் ஒப்புக்கொள்ளுகிறான். இரண்டாவது, எறும்புக்குரிய பங்கை வாசலில் வைக்கிறான். அரிசிப் பானைக்குள் வைப்பதில்லை. அதனதன் பங்கு அதனதன் இடத்தில் கிடைக்க வேண்டும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று புகாதபடி எல்லை காக்கப்படவேண்டும். உயிர்களோடு கூடி வாழும் கலை இவ்வளவே. தவிர்க்க முடியாத ஹிம்ஸைக்குச் சொல்லப்பட்ட பரிஹாரத்தைத் தவிர்க்கக்கூடிய ஹிம்ஸைக்கு அநுமதியாகக் கொள்வது பிழை.

காளிங்க நர்த்தனம் கற்பிக்கும் நெறி

திருவிழாக் காலத்தில் காளிங்க நர்த்தனத் திருக்கோலத்தில் எம்பெருமானைச் சேவிக்காத அடியார் அரியர். பாம்பின் படத்தின்மேல் நடமிடும் அழகில் கண்ணும் மனமும் தோய்ந்துவிடுகின்றன. அக்கதையின் முடிவை நினைப்பவர் சிலரே. ஸ்ரீமத் பாகவதத்தின் தசம ஸ்கந்தத்தில் கண்ணன் காளியனைக் கொல்லவில்லை.

காளியன் யமுனை மடுவுக்கு வந்தது ஏன்? கருடனுக்கு அஞ்சி வந்தான். ஸௌபரி முனிவரின் சாபத்தால் கருடன் அம்மடுவில் புகமாட்டான்; ஆதலின் அதுவே அவனுக்குப் புகலிடமாயிற்று. அவனது நஞ்சினால் நீர் கெட்டது. அதனைக் குடித்த ஆநிரையும் ஆயச்சிறுவரும் வீழ்ந்தனர். கண்ணன் அவனை அடக்கினான். நாகபத்தினிகள் வேண்டினர். காளியனும், கொடுமை தன் பிறவியோடு வந்த இயல்பென்றும், அவ்வியல்பைப் படைத்தவனும் அவனேயென்றும் விண்ணப்பித்தான். அதனைக் கேட்ட பெருமான், சுற்றத்தோடு கடலிடத்திற்குச் செல்லுமாறு பணித்தான். தன் திருவடித் தழும்பு தலைமேல் இருத்தலால் இனிக் கருடன் தீண்டான் என்று அபயமும் அளித்தான். யமுனை தூய்மையுற்றது.

தீங்கு செய்யும் பிராணியை விலக்கும் முறை முழுதும் இங்கே உள்ளது. தீங்கை அவன் பொறுத்திருக்கவில்லை. நீர் குடிக்கும் உயிர்களின் நலம் முதலில் நின்றது. ஆனால் தீங்கு செய்தவன்மேல் பகை பாராட்டவில்லை. அவன் தன் இயல்பின்படியே நடந்தான் என்பதை ஏற்றுக்கொண்டான். அவன் அவ்விடம் வந்ததற்குக் காரணம் என்ன என்பதை அறிந்து, அக்காரணத்தையே நீக்கினான். போகச் சொன்னதோடு நில்லாமல், அவன் வாழத்தக்க இடத்தையும் காட்டினான்.

தண்டனையே கூடாதென்பதும் நம் நெறியன்று. பிராட்டிக்குத் தீங்கிழைத்த காகத்தின்மேல் சக்கரவர்த்தித் திருமகன் பிரம்மாஸ்திரத்தையே ஏவினான். அது மூவுலகும் திரிந்து திருவடியில் வீழ்ந்தபோது ஒரு கண்ணை மட்டும் கொண்டு உயிரைக் காத்தான். தண்டம் உண்டு, ஆனால் தேவைக்குமேல் இல்லை.

எலியும் களஞ்சியமும்

இந்நெறியை எலியிடம் பொருத்திப் பார்க்கலாம். எலியால் வரும் தீங்கு கற்பனையன்று. 1896-ல் பம்பாயில் பரவிய பிளேக் எலிகளின் தெள்ளுப்பூச்சிகள் வழியே மனிதரைப் பற்றியது. எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் இன்றும் வருகிறது. ஆகவே எலியை வீட்டிலும் களஞ்சியத்திலும் இருக்கவிடலாகாது.

ஆனால் எலி ஏன் வருகிறது? உணவும் மறைவிடமும் கிடைப்பதால் வருகிறது. பெண்ணெலி மூன்று வாரங்கள் கருவைச் சுமந்து ஓர் ஈற்றில் ஆறு, எட்டு என்று குட்டிகளை ஈனும். அக்குட்டிகள் இரண்டு மூன்று மாதங்களில் தாமும் ஈனத் தொடங்கும். சிதறிய தானியமும் திறந்த சாக்கும் இருக்கும்வரை பத்து எலிகளைக் கொன்றாலும் அவ்விடத்தைப் புதிய எலிகள் நிரப்பிவிடும். ஓயாமல் கொன்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். எலி மட்டும் குறையாது. இங்கே தயையும் பயனும் ஒரே வழியைக் காட்டுகின்றன. உணவை மூடி, வழியை அடைத்தால் கொலையின்றியே எலி குறையும்.

முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். நெல்லைத் தரையில் கொட்டாது குதிரிலும் பத்தாயத்திலும் இட்டு மூடினர். பூச்சிக்கு வேப்பிலையும் நொச்சியிலையும் வசம்பும் வைத்தனர். பருப்பு வகைகளை வெயிலில் உலர்த்தினர். இன்று செய்யத்தக்கதும் ஏறத்தாழ அதுவே. சுண்டெலி நுழைய ஒரு பென்சில் புகும் துளை, அதாவது ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் போதும். ஆதலின் கதவின் அடியில் தகடு அடித்தல், சுவர்த்துளைகளைச் சிமெண்டாலும் கம்பிவலையாலும் அடைத்தல், நீர்ப்போக்கியில் வலை பொருத்துதல், மூட்டைகளைச் சுவரை ஒட்டாமல் பலகைமேல் அடுக்குதல், இரவில் எச்சிற்பாத்திரங்களைப் போட்டு வைக்காதிருத்தல் ஆகியவை முதல் வேலை. துளையை அடைக்குமுன் உள்ளே குட்டிகள் உள்ளனவா என்று பார்த்தலும் வேண்டும்.

பாஷாணத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இன்று பரவலாக விற்கப்படும் எலிமருந்துகள் இரத்தம் உறையாமல் செய்து, உள்ளே கசிந்து, சில நாட்கள் கழித்தே கொல்வன. அந்நாட்களில் தள்ளாடும் எலியைப் பிடித்துண்ணும் கூகையும் பூனையும் நஞ்சுண்கின்றன. ஓராண்டில் நூற்றுக்கணக்கான எலிகளை உண்ணக்கூடிய கூகையை இழந்த வயலில் எலி பெருகாமல் என்ன செய்யும்? மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையால் தமிழ்நாட்டில் மனித உயிர்களே பல போயிருக்கின்றன. ஒட்டுப்பலகையோ அதனினும் கொடிது. அதில் சிக்கிய பிராணி தோலும் மயிரும் பிய்ந்து, பசியாலும் தாகத்தாலும் மெல்ல மடிகிறது. அணிலும் பல்லியும் சிறுபறவையும் கூட அதில் அகப்படும். இந்திய விலங்கு நல வாரியம் 2011-லேயே இதற்கெதிராக அறிவுறுத்தியது.

கூண்டில் பிடித்து விடுவது நல்லதென்று பலர் கருதுவர். அது முழுதும் உண்மையன்று. பிடித்த எலியை அடுத்த தெருவில் விடுவது தன் துன்பத்தைப் பிறன் வாசலுக்கு அனுப்புவதாகும். பழகாத வெளியில் விடப்பட்ட வீட்டெலி பெரும்பாலும் பிழைப்பதுமில்லை. கூண்டோடு நீரில் அமிழ்த்துவது கொடுமை. கூண்டை இரவெல்லாம் மறந்துவிடுவதும் கொடுமையே. அடைப்பும் தூய்மையும் செய்தபின்னும் எலி நீங்காது, நோயச்சமும் இருந்து, கொல்ல நேர்ந்தே தீருமாயின், நொடியில் உயிர் பிரியச் செய்யும் பொறியே ஹிம்ஸை குறைந்தது. அதுவும் ஹிம்ஸையே. அதனைப் புண்ணியமென்று பெருமை பேசாமல், குறையென்று உணர்ந்து, எம்பெருமானிடம் மன்னிப்பு வேண்டிச் செய்வதே அடியார்க்கு அழகு.

பாம்பும் ருருவின் சபதமும்

எலி உள்ள இடத்திற்குப் பாம்பு வரும். மஹாபாரதத்தின் ஆதிபர்வத்தில் ருருவின் கதை உளது. தன் மனைவி பிரமத்வரையைப் பாம்பு தீண்டியதால் சினந்த ருரு, கண்ட பாம்பையெல்லாம் கொல்வதென்று சபதம் செய்தான். ஒருநாள் நஞ்சில்லாத டுண்டுபம் ஒன்றை அடிக்கத் தடியை ஓங்கினான். மனிதரைக் கடிக்கும் பாம்புகள் வேறு. உருவம் ஒத்திருப்பதால் மட்டும் தன்னைக் கொல்லலாமா என்று அது கேட்டது. அஹிம்ஸையே மேலான தர்மம் என்றும் உணர்த்தியது. ருரு கைவிட்டான். பாரதக் கதை சொல்லப்பட்ட ஜனமேஜயனின் ஸர்ப்பயாகமும் இவ்வாறே. தந்தையைத் தீண்டிய தக்ஷகன் ஒருவன். அவன்பொருட்டு நாக குலமே தீயில் வீழ்ந்தது. ஆஸ்திகர் வந்து வரம் வேண்டி அவ்வேள்வியை நிறுத்தினார். ஒருவன் செய்த தீங்கிற்காக ஓர் இனத்தையே அழிப்பது தர்மமன்று என்பது அப்பெரும் இதிஹாசத்தின் வாயிலிலேயே வைக்கப்பட்ட பாடம்.

இப்பாடம் இன்றைய அறிவோடு நன்கு பொருந்துகிறது. பாரதநாட்டில் சுமார் 300 வகைப் பாம்புகள் உள்ளன. பெரும்பாலானவை மனிதரைக் கொல்லும் நஞ்சற்றவை. உயிர்ச்சேதத்தை மிகுதியும் விளைப்பன நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நான்கே. வயலிலும் வைக்கோற்போரிலும் எலிகளை உண்டு வாழும் சாரைப்பாம்பு உழவனுக்கு ஊதியமில்லாக் காவலாள். அதனையே மக்கள் மிகுதியும் அடித்துக் கொல்கின்றனர்.

எனினும் அச்சத்திற்குக் காரணமே இல்லையென்று சொல்லலாகாது. 2000 முதல் 2019 வரை இந்நாட்டில் பாம்புக்கடியால் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 58,000 பேர் மாண்டனர் என்று ஆய்வாளர் கணித்துள்ளனர். ஆயினும் பாம்பை அடிக்க முனைகையில் நேரும் கடிகளும் உண்டு. வீட்டில் பாம்பு புகுந்தால் குழந்தைகளை விலக்கி, எட்ட நின்று அதன்மேல் கண்வைத்து, தீயணைப்பு நிலையத்திற்கோ வனத்துறைக்கோ சொல்லியனுப்புவதே பாதுகாப்பு. கடித்துவிட்டால் கீறுவதும், இறுகக் கட்டுவதும், வாயால் உறிஞ்சுவதும் கேடு. கடிபட்ட உறுப்பை அசைக்காமல், விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும்.

அம்மருந்தும் பாம்பின் நஞ்சிலிருந்தே ஆக்கப்படுகிறது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்கி வருகிறது. ஒருகாலத்தில் தோலுக்காகப் பாம்பைக் கொன்று விற்ற குடியினர், 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப்பின் அத்தொழிலை இழந்தனர். இப்போது பாம்பை உயிரோடு பிடித்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுகின்றனர். அவர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பாம்பையும் காத்து, பாம்பு கடித்தவனையும் காக்கும் இத்தொழில் காளிங்க நர்த்தனத்தின் முடிவை நினைவூட்டுகிறதன்றோ?

கொசுவும் குரங்கும்

கொசுவைப்பற்றி மிக விரிக்க வேண்டுவதில்லை. மலேரியா கொசுவால் பரவுகிறதென்பதற்கான சான்றை 1897-ல் ஸிகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டார். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை தொட்டியையும் குடத்தையும் கவிழ்த்துத் தேய்த்து, மூடி வைத்தால், பின்னர் ஆயிரக்கணக்கில் புகையாலும் மருந்தாலும் கொல்ல வேண்டிய தேவை நேராது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு தெளிந்த நீரிலேயே முட்டையிடும், பகலிலேயே கடிக்கும். ஆதலின் வீட்டுக்குள்ளிருக்கும் நல்ல தண்ணீரையே முதலில் கவனிக்க வேண்டும்.

குரங்கின் நிலை வேறு. அழகர்கோயில், சோளிங்கர் போன்ற மலைத்தலங்களில் குரங்குகள் ஸேவார்த்திகளின் கைப்பையைப் பறிப்பதும், தடுத்தால் கடிப்பதும் உண்டு. திருவடியின் இனமென்று பக்தியோடு பழமும் பொரியும் கொடுப்பவர்களே இதற்குப் பெரும்பாலும் காரணர். காட்டில் இலையும் கனியும் தேடியுண்ட கூட்டம், மனிதன் கையே உணவுப்பாத்திரம் என்று கற்றுக்கொள்கிறது. பின்னர் கை வெறுமையாயிருந்தால் சினங்கொள்கிறது. அதன்பின் அடியும் கல்லும் கூண்டும் அதற்குக் கிடைக்கின்றன. முதலில் கொடுத்த கையும் பின்னர் அடித்த கையும் மனிதனுடையவையே. குரங்குக்குச் செய்யத்தக்க உபகாரம், அதனை அதன் காட்டுக்கே உரியதாக விட்டுவைத்தலே.

முறையும் வரிசையும்

இதுவரை கூறியவற்றால் ஒரு வரிசை புலனாகும். அழையாதிருத்தல் முதலாவது; உணவையும் குப்பையையும் திறந்து வைத்துவிட்டு, வந்த பிராணியைக் குற்றம் சொல்வது நேர்மையன்று. தடுத்தல் இரண்டாவது. உயிரோடு விலக்கி, அது வாழத்தக்க இடத்திற்குச் செல்லவிடுதல் மூன்றாவது. இவை மூன்றும் செய்து பயன்படாதபோது, மனித உயிருக்கோ நலத்திற்கோ மெய்யான கேடு நேருமிடத்தில் மட்டும், வதைக்காமல் விரைவில் முடித்தல் கடைசியானது. முதல் மூன்றையும் செய்யச் சோம்பி நான்காவதற்குத் தாவுகிறவன், தவிர்க்க முடியாத ஹிம்ஸை என்று சொல்லிக்கொள்ள இயலாது.

திருவிழாவுக்கு வந்திருக்கும் ஸேவார்த்திகளுக்கும் இதில் பங்குண்டு. ததீயாராதனத்தின் பின் எறியப்படும் இலைகளும், மண்டபத்தூணடியில் சிந்தும் பிரசாதமும், குளக்கரையில் விடப்படும் பைகளும் எலிக்கும் குரங்குக்கும் ஈக்கும் அழைப்போலைகள். திருவிழா முடிந்து ஊரார் தனித்திருக்கும்போது அவ்விருந்தாளிகளை விரட்டுபவர் யார்? இலையில் எஞ்சாமல் உண்டு, உரிய தொட்டியில் இட்டு, பிரசாதப் பொட்டலத்தைக் கட்டி வைத்துக்கொள்ளுதலும் ஒரு கைங்கர்யமே. இரவில் மண்டபத் தரையிலும் சாவடியிலும் படுப்போர் கொசுவலையை விரிப்பின் அடியில் செருகிக்கொண்டு படுத்தலும், விளக்கின்றி இருளில் நடவாதிருத்தலும் நன்று. கட்டுவிரியன் தரையில் உறங்குவோரையே மிகுதியும் தீண்டுகிறது. வலை அதனையும் தடுக்கும், கொசுவையும் தடுக்கும். மனிதனும் பிழைப்பான், பாம்பும் அடிபடாமல் தன் வழியே போகும்.

தன் சரீரமாகிய உயிர்க்குலம் அனைத்தும் ஒன்றையொன்று நலியாது தத்தம் எல்லையில் வாழவும், காக்கும் கடமையும் இரங்கும் உள்ளமும் அடியார்களிடத்தில் ஒருங்கே நிலைபெறவும், காளியனுக்கும் இடம் காட்டிய எம்பெருமான் திருவுள்ளம் பற்றுவானாக.

சுபம்.